புண் இருக்கும் இடம் வெள்ளை அணுவுக்கு எப்படித் தெரியும்?

முகப்பரு உடையும்போது கொஞ்சம் மஞ்சளாகச் சீழ் வருகிறது. டிஷ்யூவால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். அது ஏதோ அழுக்கு, கெட்ட நீர் என்பதுதான் நம்மில் பலருடைய எண்ணம். உண்மையில் அந்தத் துளியில் பெரும் பகுதி நம் உடலுக்குச் சொந்தமான வெள்ளை அணுக்கள். கிருமி இருக்கும் இடத்தைத் தேடி வந்து, அதை விழுங்கி, அங்கேயே இறந்துபோனவை.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. ஒரு பெரியவரின் உடலில் சுமார் 5 லிட்டர் ரத்தம் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. வெள்ளை அணுவுக்குக் கண் இல்லை, காது இல்லை, மூளையும் இல்லை. ஆற்று வெள்ளத்தில் போகும் இலையைப் போல அது ரத்தத்தோடு போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப் போகும் ஓர் அணு, "இடது கால் சுண்டுவிரலில் முள் குத்தியிருக்கிறது, இங்கேதான் இறங்க வேண்டும்" என்று எப்படித் தெரிந்துகொள்கிறது? எதிரே இருப்பது கிருமி, நம் சொந்த அணு இல்லை என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

காலை நிகழ்ச்சிக்கு மருத்துவர்களை அழைத்துப் பேசும் நாட்களில் நேயர்களிடமிருந்து தவறாமல் வரும் கேள்வி வேறு ஒன்று: "எதிர்ப்புச் சக்தியைக் கூட்ட என்ன சாப்பிடலாம்?" கோவிட் காலத்துக்குப் பிறகு இந்தக் கேள்வி இன்னும் அதிகமாகிவிட்டது. பெட்ரோல் தொட்டியை நிரப்புவது போல எதிர்ப்புச் சக்தியையும் நிரப்பிவிடலாம் என்று நினைக்கிறோம். ஆனால் வெள்ளை அணுக்களின் வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்தால், எண்ணிக்கை மட்டும் போதாது என்பது புரியும். ஆளை அடையாளம் காண வேண்டும், சரியான இடத்தில் இறங்க வேண்டும், வேலையை முடிக்க வேண்டும், பிறகு நிறுத்தவும் தெரிய வேண்டும். இந்த நான்கில் ஒன்று தவறினாலும் ஆபத்துதான்.

ரோஜா முள்ளும் நட்சத்திர மீனும்

இந்தக் கதை 1882ஆம் ஆண்டு இத்தாலியின் சிசிலித் தீவில், மெசினா என்ற கடலோர ஊரில் தொடங்குகிறது. எலி மெச்னிக்கோவ் என்ற விலங்கியலாளர் ஒடெசா பல்கலைக்கழக வேலையை விட்டுவிட்டுக் குடும்பத்தோடு அங்கே தங்கியிருந்தார். ஒரு நாள் வீட்டில் எல்லோரும் சர்க்கஸ் பார்க்கப் போய்விட்டார்கள். அவர் மட்டும் நுண்ணோக்கியோடு வீட்டிலேயே இருந்தார்.

அவர் பார்த்துக்கொண்டிருந்தது நட்சத்திர மீனின் இளம்பருவ உயிர். கண்ணாடி போல ஒளி ஊடுருவும் உடல் அதற்கு. உள்ளே சில அணுக்கள் அங்கும் இங்கும் ஊர்ந்து திரிவது வெளியிலிருந்தே தெரிந்தது. இந்த அணுக்கள் உடலைக் காக்கும் காவலர்களாக இருக்குமோ என்ற எண்ணம் அவருக்குத் தோன்றியது. அது உண்மையானால், உடலில் ஒரு முள்ளைக் குத்தினால் அந்த அணுக்கள் முள்ளைச் சுற்றி வந்து கூட வேண்டும் அல்லவா? உடனே தோட்டத்துக்குப் போனார். சில ரோஜா முட்களை எடுத்து வந்தார். அந்தச் சின்னஞ்சிறு உயிரின் தோலுக்கு அடியில் செருகிவிட்டு, விடியும் வரை காத்திருந்தார்.

மறுநாள் காலை முள்ளைச் சுற்றி அணுக்கள் மொய்த்துக் கிடந்தன.

இன்றைக்கு நமக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். சீழில் வெள்ளை அணுக்கள் இருப்பதை அந்தக் கால மருத்துவர்களும் அறிந்திருந்தார்கள். 1867ஆம் ஆண்டிலேயே ஜெர்மனியின் யூலியஸ் கோன்ஹைம் என்ற மருத்துவர், தவளையின் ரத்தக் குழாய்ச் சுவரைத் தாண்டி வெள்ளை அணுக்கள் வெளியே வருவதை நுண்ணோக்கியில் பார்த்திருந்தார். ஆனால் அந்த அணுக்கள் கிருமிகளைச் சுமந்து உடல் முழுவதும் பரப்புகின்றன என்பதே அப்போது பலருடைய நம்பிக்கை. குற்றம் நடந்த இடத்தில் நின்ற காவலரையே திருடன் என்று நினைத்த கதைதான். மெச்னிக்கோவ் அந்தப் பார்வையைத் திருப்பிப் போட்டார். 1908ஆம் ஆண்டு பால் எர்லிக் என்பவரோடு சேர்ந்து நோபல் பரிசும் பெற்றார்.

10,000 கோடி, தினமும்

வெள்ளை அணுக்களில் பல வகை உண்டு. அவற்றில் முதலில் ஓடி வருவது நியூட்ரோஃபில். பெரியவர்களின் ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களில் பாதிக்கு மேல் பொதுவாக இதுதான். எலும்பு மஜ்ஜை ஒரு நாளில் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உருவாக்குகிறது. ஆங்கிலக் கணக்கில் 100 பில்லியன். ஒரு மில்லிமீட்டர் கோட்டில் எழுபது, எண்பது நியூட்ரோஃபில்களை வரிசையாக நிறுத்திவிடலாம். அவ்வளவு சிறியது. அதன் ஆயுளும் குறைவு.

இன்னொன்று மேக்ரோஃபேஜ். இது ரத்தத்தில் சுற்றாமல் தோலுக்கு அடியில், நுரையீரலில், கல்லீரலில் என்று அந்தந்த இடத்திலேயே குடியிருக்கும். குடியிருப்பு வாசலில் உட்கார்ந்திருக்கும் ஜாகாவைப் போல.

இவை இரண்டும் பிறவியிலேயே நமக்குக் கிடைக்கும் எதிர்ப்புச் சக்தியின் ஆட்கள். தடுப்பூசியாலும் பழைய நோய்களாலும் நாம் பெறும் எதிர்ப்புச் சக்தி வேறு. ஒரு கிருமியைப் படித்து, நினைவில் வைத்து, அதற்கென்றே ஆயுதம் செய்வது அது. புதிய கிருமிக்கு எதிராக அது தயாராகப் பல நாட்கள் ஆகும். ஆனால் வயிற்றுப்போக்குக்குக் காரணமாகும் ஈ கோலை போன்ற பாக்டீரியா, வசதியான சூழலில் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகப் பெருகும். கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் தூங்கப் போகும்போது ஒன்று இருந்தால், 8 மணி நேரம் கழித்து எழும்போது அது ஒரு கோடியே 67 லட்சத்தைத் தாண்டியிருக்கும். அதனால் முதல் சில மணி நேரத்தில் யார் வருகிறார்கள் என்பதுதான் முக்கியம்.

முதல் வேலை: அடையாளம் காண்பது

ஜாகாவுக்குத் திருடனைத் தெரிய வேண்டும். ஆனால் உலகத்தில் கிருமிகளோ கணக்கில்லாதவை. ஒவ்வொன்றின் படத்தையும் வைத்துக்கொள்ள முடியாது. அதோடு கிருமிகள் வேடம் மாற்றிக்கொண்டே இருக்கும். பிறகு எப்படி?

1989ஆம் ஆண்டு அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சார்ல்ஸ் ஜேன்வே ஒரு கருத்தை முன்வைத்தார். கிருமிகள் எத்தனை வேடம் போட்டாலும், சில பாகங்கள் இல்லாமல் அவற்றால் உயிர் வாழவே முடியாது. சட்டையை மாற்றலாம், எலும்பை மாற்ற முடியுமா? பாக்டீரியாவின் வெளிச்சுவரில் உள்ள ஒரு வகைக் கொழுப்புப் பொருள், அது நீந்தப் பயன்படுத்தும் வாலின் புரதம், சில வைரஸ்களின் இரட்டை இழை ஆர்என்ஏ போன்றவை அப்படிப்பட்டவை. இவை நம் உடலில் இல்லை, அல்லது இருக்கக்கூடாத இடத்தில் இருக்கின்றன. ஆகவே முகத்தைப் பார்க்காமல் இந்த மாதிரி பொதுவான அடையாளங்களைத் தொட்டுப் பார்க்கும் ஏற்பிகள் வெள்ளை அணுக்களில் இருக்க வேண்டும் என்று அவர் சொன்னார்.

அந்த ஏற்பி கிடைத்தது பழ ஈயிடமிருந்து. டோல் என்ற ஒரு மரபணு, ஈயின் கரு வளரும்போது முதுகுப் பக்கம் எது, வயிற்றுப் பக்கம் எது என்று தீர்மானிக்க உதவுவதாக முன்பே தெரியும். நமக்கு டோல் என்றதும் நெடுஞ்சாலைச் சாவடியும் டச் அண்ட் கோ அட்டையும்தான் நினைவுக்கு வரும். இது அந்த டோல் இல்லை. ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு "அட, அபாரம்!" என்பது போன்ற பொருள். அந்த மரபணு கெட்டுப்போன விசித்திரமான ஈக் கருவைப் பார்த்த ஜெர்மன் விஞ்ஞானி கிறிஸ்டியானே நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட் வாய்விட்டுச் சொன்ன சொல்லே பெயராக நிலைத்துவிட்டது.

1996ஆம் ஆண்டு பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஜூல்ஸ் ஹாஃப்மன் குழு, டோல் வேலை செய்யாத ஈக்கள் பூஞ்சைக் கிருமியை எதிர்க்க முடியாமல் இறப்பதைக் கண்டது. கருவை வடிவமைக்கும் மரபணுவே காவல் வேலையும் பார்க்கிறது! இரண்டே ஆண்டுகளில், அமெரிக்காவில் புரூஸ் பாய்ட்லர் குழு, அதே குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பி ஒன்றுதான் பாலூட்டிகளில் பாக்டீரியாச் சுவரின் கொழுப்புப் பொருளை உணர்கிறது என்று எலிகளில் காட்டியது. 2011ஆம் ஆண்டு நோபல் பரிசில் இவர்கள் இருவரும் பங்கு பெற்றார்கள். ஜேன்வே 2003ஆம் ஆண்டிலேயே காலமாகிவிட்டார்.

மனிதர்களுக்கு இந்த டோல் குடும்பத்தில் 10 ஏற்பிகள் இருக்கின்றன. அவற்றின் செய்தியை அணுவுக்குள் கொண்டுசேர்க்கும் புரதங்கள் பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் மிக அரிதாகப் பிறக்கிறார்கள். கடுமையான பாக்டீரியாத் தொற்று வந்தும் அவர்களுக்குக் காய்ச்சல் பெரிதாக அடிக்காமல் போகலாம். படை இருக்கிறது, மணி அடிக்க ஆளில்லை.

இரண்டாவது வேலை: இறங்குவது

சுண்டுவிரலில் முள் குத்திவிட்டது. அங்கே இருந்த மேக்ரோஃபேஜ் கிருமியை உணர்ந்துவிட்டது. உடனே அது சில ரசாயனச் செய்திகளை வெளியிடுகிறது. அருகில் உள்ள ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ரத்தம் அதிகம் வருவதால் தோல் சிவக்கிறது, சூடாகிறது. குழாயிலிருந்து நீர் கசிவதால் வீங்குகிறது, வலிக்கிறது. சிவப்பு, சூடு, வீக்கம், வலி என்ற இந்த நான்கு அறிகுறிகளை ரோமாபுரியின் செல்சஸ் சுமார் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார். அவை எதற்காக வருகின்றன என்பது நமக்குத் தெரிந்தது பிற்காலத்தில்தான். ரத்தத்தில் போகிறவர்களை அந்த இடத்தில் இறக்குவதற்கான ஏற்பாடு அது.

இறங்குவது சுலபமில்லை. ஓடும் ரயிலில் இருந்து நினைத்த இடத்தில் இறங்க முடியுமா? முதலில், செய்தி கிடைத்த ரத்தக் குழாயின் உட்சுவரில் செலக்டின் என்ற புரதங்கள் முளைக்கின்றன. பிள்ளைகளின் பள்ளிக் காலணியில் இருக்கும் ஒட்டுப்பட்டையைப் போல அவை நியூட்ரோஃபிலை லேசாகப் பிடிக்கும், விடும், மறுபடி பிடிக்கும். வேகம் குறைந்து, நியூட்ரோஃபில் சுவரை ஒட்டி உருளத் தொடங்கும்.

உருளும்போது சுவரில் ஒட்டியிருக்கும் ரசாயனச் செய்தியை அது படிக்கிறது. "இங்கேதான்" என்று உறுதியானதும், தன் உடம்பில் மடக்கி வைத்திருந்த இன்டெக்ரின் என்ற புரதக் கைகளை நீட்டுகிறது. இவை இறுக்கிப் பிடிக்கும் கைகள். இப்போது ரத்தம் எவ்வளவு இழுத்தாலும் அது நகராது. பிறகு உடலைத் தட்டையாக்கி, சுவர் அணுக்களுக்கு இடையே இருக்கும் இடுக்கைத் தேடி, அதற்குள் நெளிந்து நுழைந்து, குழாய்க்கு வெளியே வந்துவிடுகிறது. அதன் உட்கரு ஒரே உருண்டையாக இல்லாமல் மணி கோத்தது போலத் துண்டு துண்டாக இருப்பது இந்த நெளிவுக்கு உதவுகிறது.

இந்தக் கைகள் பிறவியிலேயே இல்லாவிட்டால்? அப்படியும் ஒரு நோய் இருக்கிறது. மிக மிக அரிதானது. பிறந்த குழந்தையின் தொப்புள்கொடி வழக்கமாக ஓரிரு வாரங்களில் உலர்ந்து விழுந்துவிடும். இந்தக் குழந்தைகளுக்கு மூன்று, நான்கு வாரம் ஆகியும் விழாமல் இருக்கலாம். கொடி பிரிந்து விழுவதற்கே வெள்ளை அணுக்கள் அங்கே வந்தாக வேண்டும். பிறகு தோலில், ஈறில் என்று தொற்று மாறி மாறி வரும். புண் ஆறாது. ஆனால் அதில் சீழ் இருக்காது.

ரத்தப் பரிசோதனை செய்தால் வெள்ளை அணுக்கள் வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகமாக இருக்கும். பற்றாக்குறையே இல்லை. எல்லாம் ரத்தத்தில் சுற்றிக்கொண்டே இருக்கின்றன, இறங்க மட்டும் முடியவில்லை. கடுமையான நிலையில் உள்ள குழந்தைகளுக்கு வேறொருவரின் மஜ்ஜை அல்லது ரத்த மூல அணுக்களைப் பொருத்தும் சிகிச்சைதான் வழி. எதிர்ப்புச் சக்தி என்பது வெறும் எண்ணிக்கை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேறு வேண்டியதில்லை.

மூன்றாவது வேலை: தேடிப் பிடித்து முடிப்பது

வெளியே வந்த நியூட்ரோஃபிலுக்கு இனி வாசனைதான் வழிகாட்டி. பசார் மாலாமில் எந்தப் பக்கம் சத்தே சுடுகிறார்கள் என்று மூக்கு சொல்லிவிடும் அல்லவா? எந்தத் திசையில் ரசாயனம் அடர்த்தியாகிறதோ அந்தத் திசையில் நியூட்ரோஃபில் நகரும். பாக்டீரியாக்கள் தங்கள் புரதத்தைத் தயாரிக்கத் தொடங்கும் முறையே தனி. அதிலிருந்து சிந்தும் துணுக்குகள் அவற்றையே காட்டிக்கொடுத்துவிடும். சுவாரஸ்யமான விஷயம், நம் அணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பாக்டீரியாவாக இருந்தவைதான். அதனால் விபத்தில் தசை நசுங்கி மைட்டோகாண்ட்ரியா சிதறும்போதும் அதே வாசனை எழுகிறது. கிருமியே இல்லாத அடியும் வீங்கிச் சிவப்பதற்கு இது ஒரு காரணம்.

நியூட்ரோஃபில் நிமிடத்துக்கு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தூரம் நகரும். ஒரு மில்லிமீட்டர் கடக்க ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெதுவாகத் தோன்றலாம், ஆனால் அதன் உடல் அளவுக்கு அது நல்ல வேகம். 1950களில் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் டேவிட் ரோஜர்ஸ் எடுத்த ஒரு சின்னப் படம் உண்டு. நியூட்ரோஃபில் ஒன்று சிவப்பு அணுக்களுக்கு நடுவே புகுந்து, திரும்பி, விடாமல் ஒரு பாக்டீரியாவைத் துரத்தி விழுங்கும். உயிரியல் வகுப்புகளில் இன்றும் காட்டப்படும் படம் அது. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும். பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

வழுக்கும் கிருமிகளைப் பிடிக்க உதவி தேவை. ரத்தத்தில் உள்ள சில புரதங்கள் கிருமியின் மேல் ஒட்டிக்கொண்டு பிடிமானம் தருகின்றன. இதற்கு 1903ஆம் ஆண்டு ஆல்ம்ரோத் ரைட் வைத்த பெயர் ஆப்சோனின். ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் பதார்த்தத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர் பாஷையில், நாசி லெமாவுக்குச் சம்பல்.

விழுங்கிய பிறகு கொல்ல வேண்டும். நியூட்ரோஃபில் கிருமியை ஒரு பைக்குள் அடைத்து, அதற்குள் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தயாரிக்கிறது. நாம் துணி வெளுக்கவும் கழிவறை கழுவவும் பயன்படுத்தும் குளோராக்ஸுக்கு நெருங்கிய உறவு. இதைத் தயாரிக்கும் நொதிக்குப் பச்சை நிறம். அடர்ந்த சளிக்கும் சீழுக்கும் வரும் பச்சை பெரும்பாலும் இந்த நொதியின் நிறம்தான்.

நான்காவது வேலை: நிறுத்துவது

வெளுப்பு அமிலத்தை வைத்துக்கொண்டு திரியும் படை நம் சொந்தத் தசையையும் பதம் பார்க்கும். அதனால் வேலை முடிந்ததும் நியூட்ரோஃபில்கள் தாங்களாகவே ஒழுங்காக இறந்துவிடுகின்றன. பின்னால் வரும் மேக்ரோஃபேஜ்கள் அந்த உடல்களை விழுங்கி இடத்தைச் சுத்தம் செய்கின்றன. அப்படி விழுங்குவதே அவற்றுக்கு "சண்டை போதும், இனி ஆற்றும் வேலையைப் பார்" என்ற செய்தியாகிறது.

இந்த நிறுத்தம் தவறினால் நடப்பவற்றில் மிக மோசமானது செப்சிஸ். ஓரிடத்தில் நடக்க வேண்டிய சண்டை உடல் முழுவதும் நடக்கிறது. எல்லா ரத்தக் குழாய்களும் ஒரே நேரத்தில் கசிய, ரத்த அழுத்தம் விழுந்து, சிறுநீரகம், நுரையீரல் என்று ஒவ்வொன்றாகச் செயலிழக்கும். 2017ஆம் ஆண்டில் மட்டும் உலகில் சுமார் 4 கோடியே 89 லட்சம் பேருக்கு செப்சிஸ் வந்ததாகவும், 1 கோடியே 10 லட்சம் பேர் அது தொடர்பாக இறந்ததாகவும் மதிப்பிடப்பட்டுள்ளது. இவர்களில் பலருக்கு எதிர்ப்புச் சக்தி குறைவாக இல்லை. அது கட்டுப்பாடு இழந்து ஓடியது.

பெர்னார்ட் ஷா 1906ஆம் ஆண்டு எழுதிய ஒரு நாடகத்தில் பெரிய டாக்டர் ஒருவர் வருவார். என்ன நோய் என்றாலும், விழுங்கும் அணுக்களைத் தூண்டிவிட்டால் போதும் என்பதே அவருடைய வைத்தியம். நோயாளி இறந்துபோகிறார். நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும், எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் என்று எழுதிய போத்தல்கள் கடை அலமாரியை நிறைத்திருக்கின்றன. அடுத்த முறை அப்படி ஒன்றைக் கையில் எடுத்தால், நான்கு வேலைகளில் எதை இது கூட்டும் என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்.

நம் வீட்டுக்குள் வந்தால்

இவ்வளவும் தெரிந்து நமக்கு என்ன பயன்? நான்கு இடங்களில் இது நேரடியாக உதவும்.

பச்சைச் சளி. பிள்ளைக்குச் சளி பச்சையாகிவிட்டது என்று கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் கேட்டு வாங்குகிறோம். சாதாரணச் சளி வைரஸால் வருவது. வைரஸை ஆன்டிபயாட்டிக் ஒன்றும் செய்யாது. பச்சை நிறம் வெள்ளை அணுக்கள் வந்து வேலை செய்ததன் அடையாளம். அந்த நிறத்தை மட்டும் வைத்து மருந்து தீர்மானிக்க முடியாது. மூச்சுத் திணறல், விடாத காய்ச்சல், பால் குடிக்காமல் சோர்ந்து கிடப்பது போன்றவைதான் உடனே மருத்துவரிடம் போக வேண்டிய அறிகுறிகள். தேவையில்லாமல் தின்ற ஆன்டிபயாட்டிக், அதற்கு அடங்காத கிருமிகளை வளர்த்துவிடும்.

இனிப்பு நீர். 2019ஆம் ஆண்டு மலேசிய தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது ஏறக்குறைய மூன்றில் ஒருவர். ரத்தத்தில் சர்க்கரை நீண்ட நாள் கூடியிருந்தால் நியூட்ரோஃபில்களின் நகர்வும் விழுங்கும் திறனும் குறைகின்றன. காலுக்குப் போகும் ரத்த ஓட்டமும் குறைகிறது. நரம்பு மரத்துப்போவதால் வலியும் தெரியாது. அதாவது ஆள் தாமதமாக வருகிறார், மணியும் அடிக்கவில்லை. அப்பாவின் காலில் ஒரு சின்னக் கொப்புளம் என்றால், "வலிக்கவில்லையே, விடு" என்று அவர் சொல்வதை நம்பிவிடாதீர்கள். வலிக்காததுதான் பயப்பட வேண்டிய விஷயம். தினமும் இரவு பாதத்தையும் விரல் இடுக்கையும் பார்ப்பது, வெறுங்காலோடு நடக்காமல் இருப்பது, காயம் என்றால் அன்றே காட்டுவது ஆகியவை ஒரு காலைக் காப்பாற்றும்.

கீமோதெரபி. புற்றுநோய் மருந்து வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்கும். நாளுக்கு 10,000 கோடி நியூட்ரோஃபில் செய்யும் மஜ்ஜையும் அதில் அடிபடும். பல மருந்துகளில் ஊசி போட்ட முதல் வாரக் கடைசியிலிருந்து இரண்டாம் வாரம் வரை நியூட்ரோஃபில் மிகவும் குறைந்திருக்கும். அந்த நாட்களில் தொற்று வந்தால் சிவப்போ வீக்கமோ சீழோ சரியாக வராது. அவற்றை உண்டாக்கும் அணுக்களே இல்லையே! காய்ச்சல் ஒன்றே அறிகுறியாக இருக்கலாம். 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பனடோல் கொடுத்து விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது. நடு இரவானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், கீமோ நடக்கிறது என்பதை நுழைந்ததுமே சொல்ல வேண்டும். வீட்டில் யாருக்காவது சிகிச்சை நடக்கிறது என்றால் வெப்பமானி ஒன்று கையருகில் இருக்கட்டும். மருத்துவமனை கொடுத்த அவசர எண்ணைக் குளிர்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள்.

ஸ்டீராய்டு. நியூட்ரோஃபில்களில் ஒரு பகுதி எப்போதும் ரத்தக் குழாய்ச் சுவரை ஒட்டி நிற்கும். ஸ்டீராய்டு சாப்பிட்டால் அவை பிடியை விட்டு ரத்தத்துக்குள் வந்துவிடுகின்றன. பரிசோதனைத் தாளில் எண்ணிக்கை உயரும், ஆனால் திசுவுக்குள் இறங்கும் திறன் குறையும். மருத்துவர் காரணத்தோடு கொடுத்த ஸ்டீராய்டை நாமாகத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து, அதைச் செய்யாதீர்கள். கவலை வேறு இடத்தில். மூட்டு வலிக்குச் "சட்டென்று கேட்கும்" என்று விற்கப்படும் சில பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு ரகசியமாகக் கலந்திருப்பதாக மலேசிய, சிங்கப்பூர் அதிகாரிகள் பல முறை எச்சரித்திருக்கிறார்கள். பதிவு எண் இல்லாத மாத்திரையைப் பாட்டிக்கு வாங்கிக் கொடுக்காதீர்கள். பல நாளாகச் சாப்பிட்டு வந்திருந்தால் மாத்திரையையே கையோடு எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எதிர்ப்புச் சக்திக்கு என்ன சாப்பிடலாம் என்ற நேயர்களின் கேள்விக்கு வருவோம். பெரும்பாலானோருக்கு விடை சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. நேரத்துக்குத் தூக்கம், சத்தான சாப்பாடு, கட்டுப்பாட்டில் சர்க்கரை, புகையில்லாத நுரையீரல், உரிய காலத்தில் தடுப்பூசி. இவை இருந்தால், இந்த வாரத்தில் எத்தனையோ முறை உங்கள் உடலில் எங்கோ ஒரு மணி அடித்திருக்கும். ஆட்கள் வந்து இறங்கியிருப்பார்கள். வேலையை முடித்து இடத்தையும் சுத்தம் செய்திருப்பார்கள். உங்களுக்கு ஒரு தும்மல்கூட வந்திருக்காது.